அவளுக்கு முழு டிக்கெட்

எங்கள் தெருவில் கிழமை தெரிந்துகொள்ள நாட்காட்டி வேண்டியதில்லை. தள்ளுபடியார் ஸ்கூட்டரை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பார்த்தால் போதும். இடது பக்கம் திரும்பினால் திங்கள். மருந்துக் கடையில் அறுபது தாண்டியவர்களுக்குப் பதினைந்து சதவீதம். மூன்று துணிப்பைகளை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வலது பக்கம் போனால் செவ்வாய். சூப்பர் மார்க்கெட்டில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பத்து சதவீதம். புதன்கிழமை சலூன், காலையில் போனால் பாதிக் கூலி. அவர் தலையில் மிச்சமிருப்பது காதோரம் இரண்டு பிடி முடிதான். "இதுக்கும் பாதியா சார்?" என்று முடிதிருத்துகிறவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "முடியே பாதிதான்யா இருக்கு. நியாயமாப் பார்த்தா நீ கால்வாசிதான் வாங்கணும். போனாப் போகுதுன்னு விட்டிருக்கேன்," என்றாராம் இவர்.

வியாழக்கிழமை மட்டும் ஸ்கூட்டரின் பின்னால் மனைவி இருப்பாள். அன்று சினிமா.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வீடு கேட்டால் நாங்கள் உதட்டைப் பிதுக்குவோம். தள்ளுபடியார் வீடு என்றால் கைகாட்டிவிட்டு, என்ன விஷயம் என்றும் விசாரிப்போம்.

முப்பத்தேழு வருஷம் பஸ் டெப்போவின் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சீட்டு இல்லாமல் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு அவர் அறையைவிட்டு வெளியே போனதில்லை. மேனேஜரே வந்து நின்றாலும், "சீட்டு எங்க சார்?" என்றுதான் கேட்பாராம். பதிவேட்டில் ஓர் எழுத்து அடித்தல் திருத்தல் கிடையாது என்பதை, கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஓய்வு பெற்று, ஸ்டோர் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்தவர் ஒரு வாரம் வரை இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மூத்த குடிமக்கள் அட்டை வந்தது. மனிதருக்கு உயிர் வந்தது. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார். எந்தக் கடை, எந்த நாள், எத்தனை மணிக்குள், எவ்வளவு குறைப்பார்கள் என்று பட்டியல் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார்.

அந்த வீட்டில் பட்டியல் ஒட்டுவது புதிதல்ல. அரிசி டப்பா மூடியில் பட்டியல், அலமாரிக் கதவில் பட்டியல், கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஐந்து இரும்புப் பெட்டிகளுக்கும் மூடியின் உட்புறம் பட்டியல். 'பெட்டி எண் 3. போர்வை 2. பழைய திரைச்சீலை 4.' கீழே தேதி, கையெழுத்து. பத்தொன்பது வருஷத்துக்கு முன் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது, லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் எழுதி ஒட்டியவை. அவற்றைப் படிக்கிறவர் எழுதினவர் ஒருவர்தான். அவர் மனைவிக்கு எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று கையே சொல்லிவிடும். மூடியைப் பார்த்து என்ன ஆகவேண்டும்?

அந்த மனைவியை நாங்கள் ஸ்டோரம்மா என்போம். கணவருடைய உத்தியோகம் ஓய்வு பெற்றுவிட்டது. பெயராக அவளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்து அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களிடம்தான் ஏதாவது இருக்கும் என்பது எங்கள் தெருவின் அனுபவம். அவளிடமும் இருந்தது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெண் பையனைவிட இரண்டு வயதாவது சின்னவளாக இருக்கவேண்டும். ஸ்டோரம்மாவோ பையனைவிட எட்டு மாதம் மூத்தவள். அவளுடைய அண்ணன் தையற்கடை வைத்திருந்தவர். கழுத்தில் நாடா தொங்க, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். "ரெண்டு வருஷம் கேக்கறாங்க. இந்த எட்டு மாசத்தையும் சேர்த்தா ரெண்டே முக்கால்கிட்ட வருது. தையலுக்குக் கொஞ்சம் விட்டு மூணா வெட்டிட்டேன். கல்யாணம் ஆகி நாலு நாள் கழிச்சு நீயே சிரிச்சுக்கிட்டே சொல்லிடு," என்றார்.

நாலு நாள் கழித்துச் சொல்லியிருப்பாள். மூன்றாம் நாளே புது மாப்பிள்ளை அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தோடு மேஜைமுன் உட்கார்ந்துவிட்டார். பேனாவைத் துடைத்துக்கொண்டு, "பிறந்த தேதி?" என்று கேட்டார். அண்ணன் சொல்லிக்கொடுத்த தேதி அவள் வாயிலிருந்து தானாக வந்தது. முத்து முத்தாக எழுதினார். எழுதி, ஊதி, "பார்த்தியா, ஒரு அடித்தல் இல்ல," என்று காட்டினார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஓட்டுநர் ஓட்டுகிற பஸ்ஸுக்கு இவர் எழுதுகிற பதிவேடுதான் அச்சாணி என்று நம்புகிற மனிதர். அவர் கையாலேயே ஒரு பொய்யை எழுத வைத்தாகிவிட்டது. பள்ளிச் சான்றிதழை நான்காய் மடித்து, நான்காம் எண் பெட்டியில் அடியில் விரித்திருந்த காகிதத்துக்கும் கீழே வைத்தாள். அது அங்கேயே இருந்தது. அவளும் பொய்த் தேதியிலேயே பிறந்தவளாக இருந்துவிட்டாள்.

ஒருவிதத்தில் அதை மறந்தும் போயிருந்தாள். அவருக்குத் தள்ளுபடிப் பித்து பிடித்த பிறகுதான் அது மறுபடி உறுத்த ஆரம்பித்தது. பஸ்ஸில் அவருக்குப் பாதி, அவளுக்கு முழு டிக்கெட். சினிமாக் கொட்டகையில் அவருக்குப் பாதி, அவளுக்கு முழு டிக்கெட். கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஒவ்வொரு வியாழனும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்பாள்: "அம்மாவுக்கும் சீனியரா சார்?"

"இல்லம்மா. அவ சின்னப் பொண்ணு," என்பார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஸ்டோரம்மாவுக்கு மட்டும் காது சுடும். வெண்டைக்காயைக்கூட ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குகிற மனிதர், தனக்காக முழுக்காசை எண்ணிக் கொடுப்பதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருக்கும். முப்பத்தெட்டு வருஷம் ஒருவரோடு குடித்தனம் செய்தால் அவர் வியாதி நமக்கும் ஒட்டாமல் போகுமா? முழு விலை என்றால் அவளும் சில்லறையை இரண்டு தடவை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கண் வந்து சேர்ந்தது.

முதலில் ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. அப்புறம் அடுப்பில் ஒரு சுடர் இரண்டாகத் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை இடைவேளையின்போது, "கதாநாயகி எப்பங்க வருவா?" என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். "அவ வந்து, காதலிச்சு, சண்டை போட்டு, இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. நீ இவ்வளவு நேரம் யாரைப் பார்த்துக்கிட்டிருந்தே?"

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் தெருவில் யாருக்கு எங்கே வலித்தாலும் வலிக்கிறவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள்தான் ஸ்டோரம்மாவைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தள்ளுபடியார் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை நன்றாகப் பழுத்துவிட்டது, ஒரு மாதத்துக்குமேல் தள்ளிப்போடக் கூடாது என்றார். கட்டணம், பென்ஷன் பணத்தில் நாலு மாதத்தை விழுங்கும் தொகை.

கட்டணம் கட்டுகிற கவுண்டருக்கு மேலே ஒரு பலகை. 'அறுபது வயது நிறைந்தவர்களுக்கு அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் பாதி. வயதுக்கான சான்று அவசியம்.' தள்ளுபடியார் அதன் முன்னால் நின்று, அண்ணாந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். மறுபடி படித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டோரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அட்டைப்படி அவளுக்கு ஐம்பத்தொன்பது. அறுபதுக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. உண்மைப்படி அறுபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பிப்போய் ஸ்கூட்டரை எடுத்தார்.

சாயங்காலம் டீயை உறிஞ்சிக்கொண்டே, வானிலை சொல்வது மாதிரிச் சொன்னார்: "ஸ்கூட்டரைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அவள் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. "எதுக்கு?"

"எதுக்குன்னா? கண்ணுக்குத்தான். மெக்கானிக்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டான். வெள்ளிக்கிழமை நாம போய் அட்வான்ஸ் கட்டிடலாம்."

"நம்ம பையன் பணம் அனுப்பறேன்னு சொன்னானே."

"அவன் வீட்டுக் கடனை அவன் கட்டட்டும் முதல்ல. ஒரு கண்ணை வாங்க ரெண்டு வீட்டை அடமானம் வைக்கணுமா?"

அவள் ஆழம் பார்க்கிறவள் மாதிரி மெதுவாகக் காலை விட்டாள். "பத்து மாசத்துல எனக்கும் அறுபது வந்துடுதே. பாதிதான் ஆகும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே."

"கண்ணுல தள்ளுபடி பார்க்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல," என்றார் அவர். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்கூட்டர் விலைக்கு வருகிற சேதி தெருவில் பரவியபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. அந்த ஸ்கூட்டர் இல்லாவிட்டால் திங்கள் ஏது, செவ்வாய் ஏது? மருந்துக் கடை ஒரு கோடியில், சூப்பர் மார்க்கெட் மறுகோடியில். பஸ்ஸில் இரண்டு இடம் மாறிப் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். மனிதர் மறுபடியும் இடுப்பைத் தடவிக்கொண்டு வாசலில் உட்காரவேண்டியதுதான். "முழு விலை குடுக்கறாராமே, அதுவும் கேள்வி கேட்காம," என்று முடிதிருத்துகிறவர் வருகிற தலையிடமெல்லாம் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

ஸ்டோரம்மா ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு மட்டும்தான் தெரியும், அந்த ஸ்கூட்டர் கண்ணுக்காகப் போகவில்லை என்று. பெட்டிக்கு அடியில் நான்காய் மடித்த ஒரு காகிதத்துக்காகப் போகிறது. காகிதத்தை எடுத்துக் காட்டினால் ஸ்கூட்டர் நிற்கும், பொய் நிற்காது. காட்டாவிட்டால் பொய் நிற்கும், ஸ்கூட்டர் போய்விடும். சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் நர்ஸ் வந்தாள். சொட்டு மருந்து விடுகிற சாக்கு. கண்ணை அண்ணாந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தப்பித்து ஓட முடியாத அந்த நிலைமையில் கேட்டாள்:

"உண்மையைச் சொல்லு. உன் வயசு என்ன?"

"ஐம்பத்தொம்போதுதான்கா."

"ஆஸ்பத்திரியில பேரு கேட்டாங்க, டக்குனு சொன்னே. வயசு கேட்டதும் விட்டத்தைப் பார்த்தே. முப்பது வருஷம் கேஸ் ஷீட் எழுதினவ நான். வயசு கேட்டா விட்டத்தைப் பார்க்கறவ, குறைச்சுச் சொல்றவளா இருக்கணும். ஏன்னா நானும் அப்படித்தான் பார்ப்பேன்."

நர்ஸுக்கு அறுபது வயது. ஏழு வருஷமாக அறுபது.

ஸ்டோரம்மாவின் கண்ணிலிருந்து மருந்து வழிந்தது. கூடவே வேறு ஏதோவும் வழிந்தது. அண்ணனின் நாடாவிலிருந்து பெட்டியின் அடிக்காகிதம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் கேட்டு முடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, எட்டு மாசத்துக்கா இவ்வளவு பாடு? தெரிஞ்சா என்ன செஞ்சுடுவார்? இந்த வயசுல வேற பொண்ணு பார்க்கக் கிளம்பிடுவாரா? அங்கயும் சீனியர் தள்ளுபடி இருக்கான்னு கேட்டுட்டுத்தான் போவார்."

"வயசுக்கு இல்லக்கா. வயசைப் பத்தி அவர் ஒண்ணும் நினைக்கமாட்டார். அவர் கையாலயே எழுத வச்சேன் பாருங்க. 'முப்பத்தேழு வருஷத்துல ஒரு தப்புப் பதிவு இல்ல'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார். வீட்லயே ஒண்ணு இருக்கு. அதை அவருக்கு எப்படிக் காட்டுவேன்?"

நர்ஸ் சிரிப்பை நிறுத்தினாள். மருந்துப் புட்டியை மூடினாள். "அது சரி. அப்ப ஸ்கூட்டர் போகட்டுமா?"

நர்ஸிடம் ரகசியம் சொல்வதும் தண்ணீர் லாரியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்று என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு நாளும் அவள் வாய் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் பிறகுதான்.

அந்த வியாழன் சினிமா இல்லை. கண் இருக்கிற லட்சணத்தில் என்ன சினிமா? தள்ளுபடியார் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவினார். சோப்பு நுரையைப் பழைய பனியனால் துடைத்தார். சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் தேய்த்தார். ஸ்டோரம்மா நிலைப்படியில் உட்கார்ந்து, நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும், அவர் சீட்டுக்கு அடியில் இருந்த சாமான்களைத் தரையில் பரப்பினார். ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

"என்னங்க எழுதறீங்க?"

"மெக்கானிக்குக் குடுக்கணும்ல. ஸ்பேனர் ரெண்டு. ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு. பிளக் ஒண்ணு, புதுசு. துணி ஒண்ணு." பேனா ஒரு நொடி நின்றது. "கைப்பிடி உறை, உனக்காகப் போட்டது, ஒண்ணு."

பின்னால் உட்காருகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி வெயிலில் சுடுகிறது என்று எப்போதோ சொல்லியிருந்தாள். அதற்கு அவர் ஒரு ரப்பர் உறை போட்டிருந்தார். அதையும் கணக்கில் எழுதி ஒப்படைக்கிறார். விற்கிற சாமானிலும் ஒன்று குறையக்கூடாது.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனதும், நான்காம் எண் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்தாள். மூடியைத் திறந்து சுவரில் சாய்த்தாள். மூடியில் ஒட்டியிருந்த பட்டியல் அவள் கண்ணுக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்தது. கம்பளியையும், மகனுடைய சின்ன வயதுச் சட்டைகளையும் எடுத்து வெளியே வைத்தாள். அடிக்காகிதத்தின் மூலையைத் தூக்கிக் கையை விட்டாள். விரலுக்கு அகப்பட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் மடிப்பு கலையாமல் இருந்தது. கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம். "நீ போய் வரிசையில நில்லு. நான் நிறுத்திட்டு வரேன்," என்றார். அதைத்தான் அவளும் எதிர்பார்த்திருந்தாள். அவர் வருவதற்குள் காகிதத்தைக் காட்டி, பாதிக் கட்டணத்துக்கு ரசீது வாங்கி மடித்து வைத்துவிடலாம். ஏதோ புதுச் சலுகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தள்ளுபடியாரிடம் போய்ப் புதுச் சலுகை என்று புளுகுவதாவது! அவரிடம் இல்லாத பட்டியலா? பதற்றத்தில் இருக்கிறவர்களுக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும்.

கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கிக் கணினியில் தட்டினாள். பிறகு சான்றிதழைப் பிரித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குக் குரல் இயற்கையிலேயே பெரிது.

"அம்மா, இதுல ஐம்பத்தொம்போது. இதுல அறுபத்திரெண்டு. ரெண்டும் நீங்கதானா?"

வரிசை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. ஸ்டோரம்மாவுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை; தோளுக்குப் பின்னால் பார்க்கிங் சீட்டை மடிக்கிற சத்தம் கேட்டது.

"சான்றிதழ்ல இருக்கறதுதாம்மா சரி," என்றார் தள்ளுபடியார். "அட்டைக்கு எழுதிக் குடுத்தது நான். தப்பா எழுதிட்டேன்."

"மூணு வருஷ வித்தியாசத்துலயா சார் தப்பா எழுதுவாங்க?"

"எழுதிட்டேன்மா."

"படிச்சவங்களாத் தெரியறீங்க. எழுதறப்ப ஒரு தடவை சரிபார்க்க மாட்டீங்களா? இப்ப பாருங்க, எனக்கு ரெண்டு ஃபாரம் வேலை. உங்களை மாதிரி அசால்ட்டா எழுதறவங்களாலதான் சார் எங்களுக்குத் தலைவலி."

முப்பத்தேழு வருஷம் மேனேஜரையே வாசலில் நிற்கவைத்த மனிதர் தலையைக் குனிந்து நின்றார். "ஆமாம்மா. என் கவனக்குறைவுதான்," என்றார். அவள் நீட்டிய இரண்டு படிவங்களையும் வாங்கி, முத்து முத்தாக நிரப்பி, சரியான பிறந்த தேதியை எழுதினார். காகிதத்தைப் பார்க்காமலே எழுதினார்.

அதைக் கவனித்தது ஸ்டோரம்மாவின் ஒரு நல்ல கண்.

பாதிக் கட்டணத்துக்கு ரசீது வந்தது. இரண்டு பேரும் படியிறங்கினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

அவர் ரசீதை இரண்டு தடவை சரிபார்த்துச் சட்டைப் பையில் வைத்தார். "எழுபத்தெட்டு வியாழக்கிழமை," என்றார். "அட்டை வந்ததுலருந்து. மழை, உன் ஜுரம், அந்தக் கொட்டகைக்காரன் வெள்ளையடிச்சதுன்னு ஏழு போச்சு. மிச்சம் எழுபத்தொரு முழு டிக்கெட். பஸ்ஸைச் சேர்க்கல. பஸ்ஸைச் சேர்த்தா எனக்கு நெஞ்சு வலி வந்துடும்."

"தெரிஞ்சுக்கிட்டே குடுத்தீங்களா?"

"வேற எப்படி?"

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

அவர் அவளைப் பார்க்காமல், எதிரே வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். "அது உன் சாமான். நீ சீட்டுக் குடுக்காம நான் எப்படி வெளிய எடுக்கறது?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் உண்டு; அவராலும் சொல்ல முடியவில்லை.

"இன்னைக்குத் தப்பு உங்க மேல போட்டுக்கிட்டீங்களே. அந்தப் பொண்ணு அப்படித் திட்டிச்சு."

"திட்டுனா என்ன? எழுதினது நான்தானே. எழுதறதுக்கு முன்னாடி சான்று கேட்டு வாங்கிருக்கணும். புதுப் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டே எழுதிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்டோர்ல அப்படி யாரும் வரமாட்டாங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எப்ப தெரியும்னு கேட்டேன்."

"கண்ணு வரட்டும். படிச்சுக்கோ."

எங்கே படிப்பது, எதைப் படிப்பது என்று அவர் சொல்லவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்கூட்டர் இல்லை, பிளக் மட்டும் வேண்டுமானால் பாதி விலைக்கு வாங்கிக்கொள் என்றார்.

அறுவை சிகிச்சை அரைமணி நேரத்தில் முடிந்தது. பத்து நாள் கறுப்புக் கண்ணாடி. நர்ஸ் வேளை தவறாமல் மருந்து விட்டாள். மருந்துக்கு நடுவே தெருவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதியை விட்டாள். கேட்டவர்களில் சிலர் ஸ்டோரம்மாவை வாசலில் பார்த்தபோது, முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எட்டு மாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார்களோ என்னவோ. ஒருத்தருக்கும் அகப்படவில்லை.

கண்ணாடியைக் கழற்றியது ஒரு வியாழக்கிழமை. முதலில் வீட்டில் எவ்வளவு ஒட்டடை என்பது தெரிந்தது. அப்புறம் கணவருக்குப் புருவம் நரைத்திருப்பது தெரிந்தது. அவர் வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். காலைக் காட்சிக்குப் பதினோரு மணிக்குள் போகவேண்டும். அவளுக்கென்று மூத்தவர் அட்டை இன்னும் வரவில்லை. அதுவரை சான்றிதழைக் காட்டிக்கொள்ளலாம் என்று கொட்டகையில் ஏற்கெனவே பேசிவைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவள் பழக்கத்தில் அதைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தாள்.

பெட்டியை இழுத்து மூடியைச் சாய்த்தாள். எறும்புகள் எழுத்தாகியிருந்தன.

'பெட்டி எண் 4. கம்பளி 2. பையன் சட்டை 9. பையன் தொப்பி 1. கல்யாண போட்டோ 6. அவள் அண்ணன் கொடுத்த கத்தரிக்கோல் 1.' கடைசி வரியை மற்றவற்றைவிடச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: 'அடித்தாளுக்குக் கீழே, அவளுடைய காகிதம் 1. இருந்த இடத்திலேயே இருக்கவேண்டியது.' கீழே கையெழுத்து. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவள் ஒருமுறை படித்தாள். புதுக் கண் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி, பழைய கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

பத்தொன்பது வருஷமாக மாதம் ஒருமுறையாவது இந்த மூடியைத் திறந்திருக்கிறாள். மழைக்காலத்தில் கம்பளி எடுக்கத் திறந்திருக்கிறாள், வெயிலில் காயவைத்து மடித்து வைக்கத் திறந்திருக்கிறாள். அப்போதெல்லாம் கண் நன்றாகத்தான் இருந்தது. பட்டியலா, போட்டுக்கொண்டு போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. "மூத்தவங்களே, கிளம்பலாமா? பதினோரு மணிக்குமேல போனா ரெண்டு பேருக்கும் முழு டிக்கெட்."

"இதோ," என்றாள்.

சான்றிதழை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் அவர் ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருந்தார். சாமான் வெளியே போனால் எழுதுவதற்கு. அத்தனை கட்டங்களும் காலியாக இருந்தன. மேஜையிலிருந்து பென்சிலை எடுத்துவந்து, கடைசி வரிக்கு எதிரே தேதியை எழுதினாள். 'எடுத்துக்கொண்டேன்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். 'கொண்டேன்' என்பதில் ஒரு கொம்பு கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. அடித்துத் திருத்தலாமா என்று யோசித்தாள். அடித்தல் கூடாது என்று நினைவு வந்ததும், அப்படியே விட்டுவிட்டு மூடியைச் சாத்தினாள்.